எட்டு நாள் வீட்டுக்கு எதிர்வீடு

விஜயத்தை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏன் இப்படிக் கரித்துக் கொட்டுகிறாள் என்று யாரும் கேட்க வேண்டாம். கரமனையில் எங்கள் தெருவில் அவள் வீடும் என் வீடும் வாசலுக்கு வாசல் எதிர். நடுவில் ஒரு ஆட்டோ போகலாம். எதிரே இன்னொன்று வந்தால் இரண்டில் ஒன்று பின்னால் போக வேண்டும். அறுபத்தொரு வருஷமாகக் காலையில் கதவைத் திறந்தால் என் கண்ணில் முதலில் படுவது அவள் முகம். ஒரு மனுஷிக்கு இதற்கு மேல் என்ன தண்டனை வேண்டும்?

இரண்டு பேரும் ஒரே ஆவணியில் பிறந்தவர்கள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. நான் முதல் மார்க்கு, அவள் இரண்டாவது. ஆனால் டீச்சர் வீட்டுக்கு நோட்டுக் கட்டைச் சுமந்துகொண்டு போகிறவள் அவள். ஊருக்கு உபகாரம் பண்ணுகிற சாக்கில் ஊர் சமாச்சாரம் முழுவதையும் மடியில் கட்டிக்கொண்டு திரும்பி வருவாள். அப்போதே எனக்கு எரியும்.

அவள் அப்பாவுக்கு ஒரே பெண். அதனால் வலியசாலையிலிருந்து அனந்தபத்மநாபன் என்று ஒரு சாதுவைப் பிடித்து வீட்டோடு மாப்பிள்ளை ஆக்கினார்கள். அந்த மனுஷர் சத்தமாகத் தும்மிக்கூட நான் கேட்டதில்லை. சமையல் அவர், துணி காயப்போடுவது அவர், பிள்ளை பிரணவைப் பள்ளிக்கூடத்தில் விடுவது அவர். விஜயம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் தபால் பிரிவில் குமாஸ்தா. முப்பத்து மூன்று வருஷம் உட்கார்ந்து உறை ஒட்டினாள். கோந்து பாட்டில், சீல், அரக்கு, ஒரு பெரிய ரிஜிஸ்டர், இதுதான் அவள் ராஜ்ஜியம். பின்கோடு சொன்னால் ஊர் சொல்வாள், ஊர் சொன்னால் எந்தச் சந்தில் எந்த மரத்தடியில் திரும்ப வேண்டும் என்பாள். "நான் அனுப்பின ஒரு கவர்கூட விலாசதாரர் இல்லைன்னு திரும்பி வந்தது கிடையாது, கேட்டியோடி சீதே!" என்று இந்தத் தெருவில் எத்தனை கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறாள் என்பதற்கு அளவே கிடையாது. சீதே என்றால் நான், சீதாலக்ஷ்மி.

ரிட்டயர் ஆனதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு தெருவுக்கே விலாசம் சொல்ல ஆரம்பித்தாள். அதற்கு ஒரு தேவையும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. எங்கள் தெருவில் கார்ப்பரேஷன் நம்பர் இரண்டு தடவை மாறியிருக்கிறது. ஒரு சாரியில் பழைய நம்பர், எதிர்ச்சாரியில் புது நம்பர், நடுவில் நாலு வீட்டில் இரண்டும் இல்லை. போனில் மேப்பைப் பார்த்தால் என் வீடு தெருக்கோடி ஆற்றுக்கு நடுவில் இருக்கிறது. கேஸ் சிலிண்டர்காரர், மீட்டர் பார்க்கிறவர், சோறு கொண்டுவருகிற பைக் பையன்கள் எல்லாரும் ஆற்றைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டு அவளிடம்தான் வந்து சேர்வார்கள். அவளும் கையை நீட்டி ராணி மாதிரி வழி சொல்வாள்.

வழி எப்படிச் சொல்வாள் என்பதில்தான் வினை. எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. யார் வைத்தார்கள், எப்போது வைத்தார்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. பாட்டன் காலத்தில் எவனோ விருந்தாளிக்குத் தம்ளரில் பாதி அளவு காப்பி கொடுத்தான். மூன்று தலைமுறை ஆகியும் அது அரைக்காப்பி வீடுதான். மூலை வீட்டு மாமி பேசினால் ஆற்றுக்கு அக்கரையில் காக்கை பறக்கும். அது பீரங்கி வீடு. வாங்கின புத்தகத்தைத் திருப்பித் தராதவன் வீடு லைப்ரரி. இந்தப் பெயர்களை எல்லாரும் எல்லாரிடமும் சொல்வோம், ஒரே ஒருத்தரிடம் தவிர. அந்த வீட்டுக்காரர் காதில் மட்டும் விழக் கூடாது. அவர்கள் வாசலில் நின்று சொல்லக் கூடாது. எழுதக் கூடாது. அதனால் தெருவில் ஒவ்வொருத்தருக்கும் மற்ற நாற்பத்தொரு வீட்டின் பெயரும் தெரியும். தன் வீட்டுப் பெயர் தெரியாது. எல்லாரும் நம் வீட்டுக்கு மட்டும் பட்டப்பெயர் கிடையாது என்று நம்பிக்கொண்டு சுகமாக இருந்தோம்.

எனக்கு மட்டும் என் வீட்டுப் பெயர் தெரியும். அது பத்தொன்பது வயதில் தெரிந்தது. புதிதாக வந்த தபால்காரர் ஒருவர் வாசலில் நின்று, என்னிடமே, "எட்டு நாள் வீடு ஏதாக்கும்?" என்று கேட்டார். "இந்தத் தெரு இல்லை, அடுத்த தெரு" என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

என் அக்கா பகவதி. என்னைவிட மூன்று வயது மூப்பு. அவளைப் பம்பாய்க்குக் கட்டிக் கொடுத்தார்கள். எட்டாம் நாள் தனியாக, அதே பட்டுப்புடவையோடு, தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அங்கே என்ன நடந்தது என்று அப்பா கேட்டார், அம்மா கேட்டாள், மத்தியஸ்தத்துக்கு வந்தவர்கள் கேட்டார்கள். அவள் வாயே திறக்கவில்லை. என்னிடமும் இன்றுவரை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவள் திரும்பி வந்த வீட்டிலிருந்து என்னை எடுக்கவும் யாரும் வரவில்லை. அப்படியே நான் சர்க்கார் வேலைக்குப் போய், சூப்பரண்டாகி, ரிட்டயரும் ஆகிவிட்டேன். அக்கா வீட்டில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் பழவங்காடிக்குப் போய்ப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வருவாள். அவள் காதில் அந்த இரண்டு சொல் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் நான் இந்த ஆயுசில் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஓணம் கழிந்ததும் வந்தது அந்த நிறக்கூட்டம். அதுதான் அவர்கள் சங்கத்தின் பெயராம். படம் வரைகிறவர்கள், கம்ப்யூட்டர்காரர்கள், எல்லாம் சின்ன வயசு. தலைவன் ஸ்ரீஜித். தாடி, கொண்டை, காலில் செருப்பில்லை. கூட ஷாலு என்று ஒரு பெண்; விரல் பத்திலும் பெயின்ட். ஆற்றங்கரைச் சுவரில் ஒரு பெரிய படம் வரைவார்களாம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கையால் எழுதின ஒரு டைல் பதிப்பார்களாம். டைலில் வீட்டுப்பெயரும் ஒரு சித்திரமும் இருக்குமாம். ஓரத்தில் கறுப்புக் கட்டம்; அதில் போனைக் காட்டினால் அந்த வீட்டின் கதையைப் போன் பேசுமாம்.

"சேச்சீ, இதொக்கெ நம்முடெ பைத்ருகமல்லே!" என்றான் ஸ்ரீஜித் என்னிடம். பைத்ருகம் என்றால் பாரம்பரியம். இந்தக் காலத்தில் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் நான் முதலில் கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போடுவேன். "எனக்கு ஒரு பைத்ருகமும் வேண்டா, போய் வா மோனே" என்றேன். சிரித்துக்கொண்டே எதிர்வீட்டுக்குப் போனான். போகாமல் இருப்பானா? அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாளே ஒருத்தி!

ஒரு ஃபாரத்தைக் கொடுத்தான். நாற்பத்திரண்டு வீட்டுக்கும் வரிசையாகப் பெயர், நம்பர், வீட்டுப்பேர். மலையாளிகளுக்கு வீட்டுப்பேர் என்றால் உயிர். ரேஷன் கார்டிலும் அது இருக்கும், கல்லறையிலும் அது இருக்கும். அவர்கள் குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக அப்படி ஒரு பெயர் உண்டு. தமிழ் பேசுகிற எங்களுக்கு அது கிடையாது. அந்தக் கட்டத்தில் நாங்கள் கோடு போடுவோம். விஜயம் கோடு போடுவாளா? ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இந்த நம்பரை வைத்துக்கொண்டு பாவம் பிள்ளைகள் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று, தெருவில் எதைச் சொன்னால் எல்லாரும் வழி காட்டுவார்களோ அதை, அந்தக் குண்டு குண்டுக் கையெழுத்தில், மலையாளத்திலும் தமிழிலுமாக நாற்பத்தொரு வீட்டுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டாள். தன் வீட்டுக்கு மட்டும் 'பத்மவிலாஸ்'. அவள் அப்பா கேட்டில் எழுதி வைத்த பெயர். அதை யாரும் ஒரு நாளும் சொன்னது கிடையாது.

இந்தக் கூத்து எனக்குத் தெரிய இரண்டு மாசம் ஆயிற்று. ஒரு வியாழக்கிழமை மத்தியானம், செய்தித்தாள் ஒட்டி மூடின டைல்களை, வேண்டாமென்று சொன்ன என் வாசல் உள்பட எல்லா வாசலிலும் பதித்துவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை கவுன்சிலர் வருவார், செண்டை கொட்டும்போது அவரவர் வீட்டுக் காகிதத்தை அவரவர் கிழிக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஞாயிறுவரை பொறுக்க நான் என்ன மகானா? மறுநாள் அக்கா பழவங்காடிக்குப் போயிருக்கும்போது காகிதத்தின் மூலையைத் தூக்கிப் பார்த்தேன்.

எட்டு நாள் வீடு. நீல எழுத்து. கீழே வரிசையாக எட்டு குத்துவிளக்கு, ஒரு செண்டை, ஒரு கொடி. அந்தக் கட்டத்தில் போனைக் காட்டினேன். ரேடியோ நியூஸ் வாசிக்கிற மாதிரி ஒரு குரல், பிறந்த மனுஷக் குரல் இல்லை, கம்ப்யூட்டர் குரல், சொல்லிற்று: எட்டு நாள் கோயில் திருவிழாவுக்கு விளக்கேற்றும் உரிமை பெற்ற குடும்பத்தினர் வாழ்ந்த வீடு இது. பெயரைக் கொடுத்தால் கம்ப்யூட்டரே கதை எழுதிக்கொள்ளுமாம். எழுதிக்கொண்டது. என் அக்காவின் வயிற்றெரிச்சலுக்கு எட்டு விளக்கேற்றி வைத்திருந்தது.

உடைத்துவிடலாம் என்று அம்மிக் குழவியைக்கூட எடுத்தேன். வைத்துவிட்டேன். உடைத்தால் ஏன் உடைத்தாய் என்று கேட்பார்கள். காரணம் சொல்ல வேண்டும். ஸ்ரீஜித்துக்குப் போன் போட்டுச் சுற்றி வளைத்துக் கேட்டேன். "எல்லாம் மேப்பில் கேறிப் போயி சேச்சி, இனி மாற்றான் பற்றில்லா" என்றான். மேப்பில் ஏறியதைத் தகுந்த காரணம் இல்லாமல் மாற்ற முடியாதாம். பிறகு நேராகத் தெருவைக் கடந்தேன்.

விஜயம் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன காரியம்டி பண்ணி வச்சிருக்கே?" என்றேன். "கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கறதுன்னு கேட்டிருக்கேன். நீ ஊரார் மானத்தை எடுத்துன்னா உடைச்சிருக்கே!"

அவளுக்கு முதலில் புரியவில்லை. சொன்னேன். கீரைக்கட்டு மடியிலிருந்து நழுவியது.

"ஐயோ சீதே, நான் அட்ரஸ்னா குடுத்தேன்! அவாவா ஆத்தைக் கண்டுபிடிக்கறதுக்குத்தான். டைல்ல எழுதுவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சுண்டு பண்ணினயோ தெரியாம பண்ணினயோ, ஞாயித்துக்கிழமைக்குள்ளே அது என் வாசல்ல இருக்கப்படாது. பகவதி பார்க்கப்படாது. நீ போய்ச் சொல்லு."

"என்னன்னு சொல்றது? எடுன்னு சொன்னா ஏன்னு கேட்பான். அந்தப் பேருக்கு அர்த்தம் இதாக்கும்னு நான் போய்ச் சொன்னா, நாளைக்கு அதையும் போன்ல பேச வச்சுடுவான். சும்மா விட்டா விளக்கு, திருவிழான்னு போயிடும்."

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. அப்போது அவள் வாயை மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மூடுவாளா?

"பகவதிக்குத் தெரியாதது மாதிரி பேசறயே? நாப்பது வருஷமா ஊரே சொல்றது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டோ? ஒவ்வொருத்தர் ஆத்துல ஒவ்வொண்ணு நடந்தது, ஒவ்வொரு பேர் வந்தது. என் ஆத்துல அப்படி ஒண்ணும் நடக்கலை. அதான் என் ஆத்துக்குப் பட்டப்பேரே கிடையாது."

சொல்லிவிட்டுக் கீழே கிடந்த கீரையைப் பொறுக்கினாள். வேண்டுமென்று குத்தவில்லை, நிஜமாகவே அப்படி நம்பினாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது அவளுக்காகவே சொன்னது.

அவள் வீட்டுக்குப் பெயர் உண்டு. அதை வைத்தவள் நான்.

பிள்ளை பிரணவ் கானடாவுக்குப் போய்ப் பதினோரு வருஷம். முதல் இரண்டு வருஷம் வந்தான். பிறகு வரவில்லை. ஒவ்வொரு ஓணத்துக்கும், "இந்தத் தடவை வருவான்" என்பாள் விஜயம். மெத்தையை வெயிலில் போடுவாள். நேந்திரங்காய் வறுப்பாள். ஓணம் போய்விடும். "லீவு கிடைக்கலை, நவராத்திரிக்கு வருவான்" என்பாள். அனந்தபத்மநாபன் கண்ணை மூடினபோது ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் வைத்திருந்தாள், வருவான் என்று. கடைசியில் மருமான் கொள்ளி போட்டான். பிரணவ் போனில் பார்த்தான். அதற்கடுத்த ஓணத்துக்கும் மெத்தை வெயிலில் கிடந்தது. அன்று ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு, "என்ன, வருவான் வீட்டுல மெத்தை காயறதே" என்றேன் நான். வரிசை முழுக்கச் சிரித்தது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அந்தப் பெயர்தான்.

கீரையைப் பொறுக்குகிறவளை அப்படியே விட்டுவிட்டு ஆற்றங்கரைக்குப் போனேன். ஷாலு சாரத்தின் மேல் நின்று சுவரில் ஒரு யானைக்குக் காது வரைந்துகொண்டிருந்தாள்.

"மோளே, பத்மவிலாஸ்னு ஒரு டைல் போட்டிருக்கியே, அது தப்பு. அந்த வீட்டோட சரியான பழைய பேர் வேற. அவ வெக்கப்பட்டுண்டு சொல்லலை."

அவள் கண் பளபளத்தது. "ஆணோ ஆன்ட்டி? எந்தா பேரு?" அப்படியா, என்ன பேர் என்று கேட்டாள்.

சொன்னேன். அர்த்தம் கேட்டாள். "வருகிறவாளை எதிர்பார்த்துண்டிருக்கிற வீடு" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே!

"எத்ர மனோகரம்!" என்றாள் அந்தப் பெண். சனிக்கிழமையே பழைய டைலைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பதித்து, மேப்பிலும் திருத்தி, காகிதத்தையும் ஒட்டிவிட்டாள். விஜயம் கேட்டதற்கு எழுத்துப்பிழை, திருத்தினோம் என்று நான் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னாளாம்.

இனி அக்கா. ஞாயிற்றுக்கிழமை அவளை வலியசாலையில் சித்தி பெண் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், சத்தம் உனக்கு ஆகாது, சாயங்காலம் வந்தால் போதும் என்று. அதற்குள் அந்த டைலின் மேல் ஒரு பிள்ளையார் படத்தைச் சட்டத்தோடு அடித்துவிடுவதாகத் திட்டம். ஆணியும் சுத்தியலும் எடுத்து வைத்திருந்தேன்.

பத்து மணிக்குச் செண்டை தொடங்கிற்று. பந்தல், மைக், கவுன்சிலர் கையில் பூச்செண்டு. தெரு நிறைய யாரென்றே தெரியாத ஜனம், எல்லார் கையிலும் போன். ஸ்ரீஜித் மைக்கில் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணினான். நாற்பது வாசலில் நாற்பது கை காகிதத்தைக் கிழித்தது. விஜயம் மற்றவர்கள் வாசலை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் கிழிக்கவில்லை. டைலுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தேன்.

காகிதங்கள் தெருவில் பறந்தன. அப்புறம் மூலையிலிருந்து பீரங்கி வெடித்தது.

"எவடீ அவ! என் ஆத்துக்குப் பீரங்கின்னு பேர் வச்சவ எவ?"

அவள் வாசலில் ஒரு பீரங்கிப் படம். மகாராஜாவின் பீரங்கிப் படையில் இருந்த குடும்பம் என்று போன் பேசிக்கொண்டிருந்தது. அரைக்காப்பி வீட்டு மாமா, தன் வாசலில் இருந்த டபரா தம்ளர் படத்தையும் பக்கத்து வீட்டு டைலையும் மாறி மாறிப் பார்த்தார். லைப்ரரி வீட்டுக்காரன் பல்லைக் கடித்தான். முதலில் மற்றவர்களுடையதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு தன்னுடையது புரிந்தது. கை நீண்டது. எல்லாக் கையும் ஒரே பக்கம் நீண்டது.

"விஜயம்! நீதானே லிஸ்ட் குடுத்தே?"

"உன்னோடு சேர்ந்து ஒரு பந்தியில சாப்பிட்டேனே, பாவி!"

ஸ்ரீஜித் மைக்கில், "நோக்கூ, ஜனங்ஙளுடெ ஆவேசம்!" என்று, அதை உற்சாகமாக நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தான். கவுன்சிலர் எதற்கென்று தெரியாமல் கை தட்டினார். விஜயம் தன் கேட்டுக்கு முன்னால் கை கூப்பிக்கொண்டு நின்றாள். "அட்ரஸுக்காக்கும் குடுத்தேன், சத்தியமா அட்ரஸுக்குத்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கேட்க யார் இருக்கிறார்கள்? எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பொய் சொல்லமாட்டேன், குளிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து என் தோளை யாரோ நகர்த்தினார்கள். அக்கா. பக்கத்தில் சித்தி பெண்.

"வலியசாலையே இங்கேன்னா கிளம்பி வரது. என்னை மட்டும் அங்கே உக்காத்தி வச்சா எப்படிடி?" என்று சொல்லிக்கொண்டே அக்கா காகிதத்தைக் கிழித்துவிட்டாள். நான் கையைப் பிடிப்பதற்குள் கிழித்துவிட்டாள்.

படித்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

"எட்டு நாளா?" என்றாள். "தப்பு. போக வர ரயில்லயே நாலு நாள் போச்சே. அங்கே இருந்தது நாலே நாள்தான்."

"அக்கா..."

"என்னடி முழிக்கறே? அந்தப் போஸ்ட்மேனை அடுத்த தெருவுக்குத் துரத்தினயே, அன்னிக்கு நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னுண்டிருந்தேன். அப்பறம் நீ அதைப்பத்தி ஒரு வார்த்தை பேசலை. உனக்கு வெக்கமா இருக்குன்னு நானும் பேசலை."

நாற்பது வருஷம் நான் மூடி வைத்ததாக நினைத்தது இவ்வளவுதான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை, ஏனென்றால் அப்போது எதிர்வீட்டில் விஜயம் திரும்பி, தன் காகிதத்தைக் கிழித்தாள். எல்லாரும் திட்டி ஓய்ந்திருந்த நேரம். தன் வாசலிலும் வெறும் விலாசம்தான் என்று காட்டினால் கொஞ்சம் சமாதானமாவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ.

வருவான் வீடு. ஒரு பாதை, ஒரு பெட்டி, எரிகிற ஒரு விளக்கு. ஷாலு நன்றாகத்தான் வரைந்திருந்தாள்.

யாரோ ஒரு வழிப்போக்கர் போனைக் காட்டினார். குரல் தெருவுக்கே கேட்டது: விருந்தினர் வருகைக்காகக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் மரபினர் வாழும் வீடு இது.

பீரங்கி மாமிகூடப் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். விஜயம் அந்த எழுத்தின்மேல் விரலை வைத்து, உறையில் விலாசம் சரிபார்க்கிறவள் மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். திரும்பினாள். தெரு முழுவதையும் ஒரு தடவை பார்த்தாள். எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். குனிந்ததிலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது, எல்லாருக்கும் தெரியும் என்று.

"இதை நான் எழுதிக் குடுக்கலையே" என்றாள். அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. "இதை யார் குடுத்தா?"

பாவம், ஷாலு. அவளுக்கு என்ன தெரியும்? பாராட்டு வாங்கித் தருகிறாளாம். சிரித்துக்கொண்டு என்னைக் கை காட்டினாள். "ஈ ஆன்ட்டியாணு பறஞ்ஞது!"

விஜயம் என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் ஒன்பது திட்டியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். நாற்காலியை மாரோடு அணைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "எனக்காகவா பண்ணினே?"

"ஆமா" என்றேன்.

"எனக்காக இல்லை" என்றாள். செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் தெருவைக் கடந்துபோய் அந்தக் கதவைத் தட்டினாள். திறந்தது. உள்ளே போனவள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வரவில்லை. நான் ஆணியையும் சுத்தியலையும் எடுத்த இடத்தில் வைத்தேன்.

ஒரு வாரத்தில் தெருவில் முக்கால்வாசி டைலைப் பெயர்த்துவிட்டார்கள். சிலர் மேலே காலண்டர் மாட்டினார்கள். நிறக்கூட்டத்துக்கு யாரோ உள்ளதைச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. ஸ்ரீஜித் வீடு வீடாக வந்து தலையைச் சொறிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டான். பீரங்கி மாமி அவனுக்கு வைத்த வேட்டில் அவன் கொண்டை அவிழ்ந்திருக்கும். யானை மட்டும் ஆற்றங்கரையில் ஒரு காதோடு நிற்கிறது.

எங்கள் வாசல் டைலை எடுக்க அக்கா சம்மதிக்கவில்லை. அவளே பெயின்ட் வாங்கிவந்து எட்டு விளக்கில் நாலை அழித்தாள். எதிர்வீட்டு டைலும் அப்படியேதான் இருக்கிறது. விஜயம் தினமும் ஈரத்துணியால் துடைக்கிறாள். கானடாவில் யாரோ பிரணவுக்குப் படத்தை அனுப்பி, அவன் போனில் குதித்தானாம், எல்லாரும் கேலி பண்ணுகிறார்கள், உடனே அதை எடு என்று. அக்காதான் வந்து சொன்னாள். இவள், "நீ வந்து எடு" என்றாளாம். போனை வைத்துவிட்டாளாம். இப்போது வருவான் என்று அவள் யாரிடமும் சொல்வதில்லை. மெத்தையையும் வெயிலில் போடுவதில்லை. அதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்காலி மறுபடி வாசலுக்கு வந்துவிட்டது. ஆற்றைப் பார்த்துத் திகைக்கிறவர்களுக்கு மறுபடி வழி சொல்கிறாள். பட்டப்பெயர் கிடையாது, இத்தனாவது வீடு, பச்சைக் கேட்டு, அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை கூரியர் கொண்டுவந்த பெண் ஒருத்தி ஸ்கூட்டரை அவள் கேட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். எனக்கு வர வேண்டிய பிரஷர் மாத்திரைப் பொட்டலம். நான் என் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். பத்தடி தூரம்.

"அம்மே, சீதாலக்ஷ்மின்னு ஒருத்தர், இந்தத் தெருவில் ஏது வீடு?"

விஜயம் பொட்டலத்தை வாங்கினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விலாசத்தை முழுக்கப் படித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், நேராக, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக.

"அப்படி ஒரு ஆள் இந்தத் தெருவுலே இல்லை மோளே" என்றாள். "விலாசதாரர் இல்லைன்னு எழுதித் திருப்பி அனுப்பிடு."

அந்தப் பெண் பேனாவை எடுத்து அப்படியே எழுதினாள். நான் கையைத் தூக்கியிருக்கலாம், நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஸ்கூட்டர் திரும்பிப் போயிற்று.